அத்தான் எழுதிய டேனிஷ்காரர்

2023 நவம்பர் 2, வியாழக்கிழமை. ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். இரவு முழுவதும் புயற்காற்று அடித்திருந்தது. பின்வளவில் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. தேநீர் போட்டுக் குடித்தேன். முந்திய நாளின் நாட்குறிப்பை மறுநாள் காலையில் எழுதுவது என் வழக்கம். அதை ஆறு இருபதுக்கு எழுதி முடித்தேன். வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தேன். ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன்மேல் அத்தானின் சதுரக் கோடு போட்ட எழுத்துக் கொப்பியை வைத்தேன். இடப்பக்கத்தில் நூலகத்திலிருந்து எடுத்த இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள். வலப்பக்கத்தில் கூராக்கிய பென்சில் ஒன்று. மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் அந்தக் கொப்பி அச்சகத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். ஒக்டோபர் 14ஆம் தேதி விம்பிள்டனில், தன் அறுபத்தேழாவது வயதில் காலமானார். முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியை, தீபாவளிக்கு மறுநாள் வந்தது. அந்த நாளில் இறந்தவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு, வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். அதைக் கல்வெட்டு என்போம். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரங்கள், வாழ்க்கை வரலாறு, அனுதாபச் செய்திகள், கடைசியில் குடும்பத்தாரின் நன்றி. வீட்டுக்கு வீடு இந்த ஒழுங்கு மாறுவதில்லை. லண்டனில் எங்கள் வீடுகளில் எல்லாம் அலமாரியின் ஒரு தட்டு நிறையக் கல்வெட்டுகள் இருக்கும். யாரும் திரும்ப எடுத்து வாசிப்பதில்லை, எறிவதும் இல்லை.

ஒன்பதாம் நாள் அக்கா அத்தானின் மேசை லாச்சியிலிருந்து இரண்டு கொப்பிகளை எடுத்து என்னிடம் தந்து, கல்வெட்டு வேலையை நீயே பார் என்றார். ஒன்றில் குறிப்புகள். மற்றதில், திருத்தமான கையெழுத்தில் முப்பத்தொரு பக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு டேனிஷ் மொழியியல் அறிஞரின் வாழ்க்கை. இருபது வருடமாக அத்தான் எழுதி, வெட்டி, மறுபடி எழுதியது அது. இதையும் கல்வெட்டில் சேர்ப்போம் என்று நான் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது.

"என்ர மனுசன்ர கல்வெட்டிலை அந்த டெனிஸ்காரனுக்கு என்ன வேலை?"

மூன்று நாள் தொலைபேசியில் வாதாடினேன். அத்தான் எழுதியது இது ஒன்றுதான், இதை வேறு எவரும் அச்சிடப் போவதில்லை, இப்போது விட்டால் இனி இல்லை என்றேன். கடைசியில் அக்கா பன்னிரண்டு பக்கம் தந்தார். ஒரு நிபந்தனையும் வைத்தார். "போடுறதெண்டால் பிழையில்லாமல் போடு. செத்த பிறகு அவற்ற எழுத்தைப் பாத்து ஆரும் சிரிக்கக் கூடாது. ஏலாதெண்டால் விடு." நான் ஓம் என்றேன். பிழை பிடிப்பது எனக்குப் புதிய வேலை அல்ல. ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில், வரும் குப்பிகளில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் படிவத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் இருபத்தாறு வருடமாக என் தொழில். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குப்பியைத் திருப்பி அனுப்பவேண்டும்.

அந்த அறிஞரின் பெயரை அத்தான் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. "எங்கட ஆள்" என்பார். அக்கா "உங்கட டெனிஸ்காரன்" என்பார். அதனால் நானும் பெயரைச் சொல்லாமலே விடுகிறேன்.

அத்தான் எண்பதுகளின் கடைசியில் அகதியாக டென்மார்க்குக்குப் போனவர். மேற்குக் கரையில், வடகடலைப் பார்த்த ஒரு சிறு பட்டினத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மொழி வகுப்பு வாரத்தில் இரண்டு நாள். அது போதவில்லை. அகதிகளைப் பார்க்க வந்த தேவாலயத்துப் பெண்மணி ஒருவர் தமிழ் பைபிளும் டேனிஷ் பைபிளும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அத்தான் சைவப்பழம்; ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, வசனத்துக்கு வசனம் ஒப்பிட்டு, எந்தச் சொல் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து, தனக்குத் தானே ஓர் இலக்கணம் எழுதிக்கொண்டார். இரண்டாவது குளிர்காலத்தில் மொழி வகுப்பு ஆசிரியர் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, உன்னைப் போல ஒருவர் எங்கள் நாட்டில் இருந்தார் என்று சொல்லியிருக்கிறார். பியூன் தீவில் ஓர் ஏழை வீட்டுப் பையன். பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த ஐஸ்லாந்துப் பழங்கதைப் புத்தகத்தை, அகராதியும் இலக்கணமும் இல்லாமல், மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டு ஒப்பிட்டே படித்து அந்த மொழியைத் தானாகக் கற்றவர். பிறகு இலங்கைக்கும் போனவர். இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்ட அன்றே அத்தான் பட்டினத்து நூலகத்தில் அட்டை எடுத்தார்.

அந்த மனிதரின் வாழ்க்கையை அத்தான் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கிரேக்கம், லத்தீன், வடநாட்டு மொழிகள் எல்லாவற்றிலும் ஒரே சொல் எழுத்து மாறி மாறி வருவது ஏனோதானோ என்று நடப்பதல்ல, அதற்கு ஒழுங்கு உண்டு என்று கண்டவர்களில் அவர் முன்வரிசை. அந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு ஜெர்மன் அறிஞரின் பெயர் நிலைத்துவிட்டது. "பேர் ஆருக்கும் போகட்டும். கண்டவர் இவர்," என்பார் அத்தான். மொழிகளின் உறவைத் தேடி அவர் ஸ்வீடன், ரஷ்யா, கொக்கேசிய மலைகள், பாரசீகம், இந்தியா என்று வருடக்கணக்காக நடந்தும் குதிரையிலும் கப்பலிலும் போனார். போன இடமெல்லாம் அந்த இடத்து மொழியைப் படித்தார். சென்னைக்கு வந்தார், இலங்கைக்கு வந்து சிங்களமும் பாளியும் கற்றார், ஓலைச்சுவடிகள் சேர்த்தார். இலங்கையை விட்டுப் புறப்பட்ட கப்பல் உடைந்தது. உயிரும் பெரும்பாலான சுவடிகளும் தப்பின. அவற்றைக் கொண்டுபோய் கோபன்ஹேகனில் சேர்த்துவிட்டு, உடல் நலிந்து, நண்பர்களே தனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்ற சந்தேகத்தோடு கடைசி வருடங்களைக் கழித்தார். விரும்பிய பேராசிரியர் பதவி மிகப் பிந்தி வந்தது. நாற்பத்தைந்து வயது நிரம்பு முன் காச நோயில் போய்விட்டார். மணம் செய்யவில்லை. கல்லறைக் கல்லில் பல மொழிகளில் எழுதியிருக்கிறது. அதில் சமஸ்கிருதமும் ஒன்று. அத்தான் அதைப் பார்க்கவென்றே நாலரை மணி நேரம் ரயிலில் போய் வந்தவர்.

2003இல் அவர்கள் லண்டனுக்கு வந்தார்கள். மகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும், தமிழ்ச் சனத்தோடு வளரவேண்டும் என்று அக்கா விரும்பினார். டென்மார்க்கிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் அந்தக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அப்படி வந்தன. அத்தான் மறுத்து ஒன்றும் சொன்னதாக எனக்குத் தெரியாது. பதினைந்து வருடம் படித்த மொழியை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி ஆயிற்று. மொத்தக் கடை ஒன்றின் களஞ்சியத்தில் அரிசி மூட்டைகளும் டின்களும் அடுக்கும் வேலை. அங்கே எல்லோரும் தமிழ். வேலை முடிந்து வந்து சாப்பிட்டு, கொப்பியை எடுத்து வைத்து எழுதுவார். அக்காவுக்கு அந்தக் காட்சிதான் குத்தியது. "நான் பிடுங்கிக்கொண்டு வந்திட்டன். அந்த மனுசன்ர உடம்புதான் இஞ்சை இருக்கு, மிச்சம் அந்த டெனிஸ்காரனோடை," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அதை அன்றைய தேதியில் எழுதி வைத்திருக்கிறேன், சிரித்தார் என்றும் எழுதியிருக்கிறேன். அத்தான் போன பிறகு அக்கா அதைச் சிரிக்காமல் சொன்னார். தன்னைப் பற்றி அவர் மனதில் என்ன இருந்தது என்று இனி யாரிடம் கேட்பது என்றும் சொன்னார்.

ஒரு விஷயம் அக்காவுக்குத் தெரியாது. ஒவ்வொரு நவம்பரிலும் அத்தான் அந்த அறிஞருக்காகக் கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றுவார். விம்பிள்டனில் கோயில் நடை தூரத்தில் இருந்தும் அங்கே செய்யமாட்டார். தெரிந்தவர்கள் கேட்பார்கள் என்று ஆர்ச்வே வரை போய், அந்த மேட்டில் ஏறி, முருகன் கோயிலுக்குப் போவார். ஒரு வருடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குருக்கள் புதியவர். பெயர் கேட்டார். அத்தான் சொன்னார். எழுதப் போன கை நின்றது.

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா."

"கோத்திரம்?"

"சிவகோத்திரம் எண்டு போடுங்கோ. பிள்ளைகுட்டி இல்லாமல் போன மனிசன். செய்ய ஆக்கள் இல்லை."

குருக்கள் அத்தானை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குச் சொந்தமோ?"

"எங்கட நாட்டுக்கு வந்து போனவர்," என்றார் அத்தான்.

குருக்கள் விளக்கை ஏற்றி மந்திரம் தொடங்கினார். அந்த நீண்ட பெயரை மந்திரத்துக்கு நடுவில் ஒரு தடவை தடுமாறி, இரண்டாம் தடவை சரியாகச் சொன்னார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திரும்பும் வழியில், அக்காவிடம் சொல்லாதை, எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு சொல்லுவா, என்று மட்டும் சொன்னார்.

இப்படிப்பட்ட அத்தானின் எழுத்தில் பிழை இருக்காது என்றுதான் நம்பியிருந்தேன். ஆனால் முதல் மாலையே இரண்டு பிழை கண்டேன். மூன்று மாலைகளில் பதினொன்று ஆயிற்று. அறிஞரைப் பற்றி நான் எடுத்திருந்த இரண்டு ஆங்கிலப் புத்தகங்களிலும் இல்லாதவை, அல்லது அவற்றுக்கு முரணானவை. டேனிஷ் வாசிக்கத் தெரிந்த என் பெறாமகளிடம், அக்காவின் மகளிடம், அத்தான் வைத்திருந்த டேனிஷ் நூலைப் பார்க்கச் சொன்னேன். மான்செஸ்டரிலிருந்து அவள் இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். "நோ சித்தி, அதிலயும் இல்லை. அப்பா எங்க இருந்து எடுத்தவர் எண்டு தெரியேல்லை." கோபன்ஹேகனில் அறிஞரின் மேலங்கியில் மீன் மணம் ஏறியிருந்ததால் அதைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு உறங்கினார் என்று ஓர் இடம். பாரசீகத்தில் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துக் குடித்தார் என்று ஓர் இடம். சென்னையில் இருக்கும்போது தாய் இறந்த செய்தி நாற்பது நாள் பிந்தி வந்தது, அவர் யாரிடமும் சொல்லாமல் அன்றும் வேலைக்குப் போனார் என்று ஓர் இடம். இது அப்பட்டமான பிழை. பயணம் தொடங்குவதற்கு முன்பே தாயும் தகப்பனும் இல்லை. களைத்து வந்து எழுதியதில் நினைவு தடுமாறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் அக்காவுக்குக் கொடுத்த சொல் இருந்தது.

அந்த வியாழக்கிழமை காலை வேலை அதுதான். பென்சிலால் மெல்லிய கோடாக, பதினொரு இடத்தையும் வெட்டினேன். அச்சகத் தம்பி கொப்பியைப் பார்த்தே கணினியில் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார். நான் முன்பு மாதிரிக்காகக் கொடுத்த அறிஞரின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் அக்கா இந்த வெள்ளையர், சம்பந்தியோ?" என்று கேட்டவர் அவர். எனவே எதை விடவேண்டும் என்று அவருக்குச் சந்தேகம் வரக்கூடாது. வெட்டியவற்றைப் பக்க எண்ணோடு ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். எதை நீக்கினாலும் பதிவு வைப்பேன். ஒன்பது நாற்பதுக்கு அந்தத் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தேன்.

கொப்பியில் அவை ஒன்றுக்கொன்று எத்தனையோ பக்கம் தள்ளிக் கிடந்தன. ஊர் மாறியது, நாடு மாறியது. தாளில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. மீன் மணம், சன்னலுக்கு வெளியே அங்கி, பிந்தி வந்த கடிதம். நான் எழுந்து மாடிக்குப் போனேன். நாட்குறிப்புகள் வருட வரிசையில் இருக்கின்றன. 1996 ஓகஸ்டில் நான் டென்மார்க்கில் அவர்கள் வீட்டில் எட்டு நாள் தங்கினேன். மூன்றாம் நாள் எழுதியிருந்தது: அத்தானின் வேலைச் சட்டை இரவில் பல்கணிக்கு வெளியே தொங்குகிறது, மீன் மணம் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். 1995 டிசம்பரில் அக்காவின் தொலைபேசி அழைப்பு: மாமி, அத்தானின் அம்மா, இறந்து நாற்பது நாளாம், யாழ்ப்பாண இடம்பெயர்வில் கடிதம் சுற்றி வந்ததாம், அத்தான் வேலைக்குப் போய்விட்டார். கொத்தமல்லியும் இருந்தது. உட்கார மனமின்றி நின்றபடியே புரட்டினேன். பதினொன்றில் ஏழுக்கு என் கையெழுத்திலேயே சான்று கிடைத்தது.

எங்கள் கூடத்தில் இப்படி ஒரு குப்பி எப்போதாவது வரும். சீட்டில் பெயர் ஒருவருடையது, உள்ளே இரத்தம் இன்னொருவருடையது. அதை நாங்கள் ஏற்பதில்லை. ஆனால் இந்த இரத்தம் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மீதி நான்கை அக்காவிடம்தான் கேட்கவேண்டும்.

என் வீடு இருக்கும் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து விம்பிள்டனுக்கு அன்றைக்கு இரண்டு மணி நேரம் எடுத்தது. காற்றில் எங்கோ மரம் விழுந்திருந்தது. அப்டன் பார்க் வரை பஸ், பிறகு டிஸ்ட்ரிக்ட் லைன், ஏர்ல்ஸ் கோர்ட்டில் நாற்பது நிமிடக் காத்திருப்பு. கொப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். நான் போனபோது அக்கா குசினி மேசையில் கல்வெட்டோடு கொடுக்கும் சில்வர் கிண்ணங்களைப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தார். கைகளை நிறுத்தாமலே, டெனிஸ்காரன் முடிஞ்சுதோ, என்று கேட்டார்.

ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது என்று சொல்லி, எதற்கென்று விளக்காமல், முதலாவதை வாசித்தேன். கொக்கேசிய மலையில் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததை, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒரு கிழமை மறைத்தார்.

அக்காவின் கை நின்றது. "இது உனக்கு ஆர் சொன்னது? பக்டரியிலை விழுந்தவர். நான்தான் சீலையாலை கட்டிவிட்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

இரண்டாவது, ரஷ்யாவில் தன் உச்சரிப்பைக் கேட்டு ரொட்டிக்காரி சிரித்தாள் என்று, காலையில் கண்ணாடிக்கு முன் நின்று வணக்கம் சொல்லிப் பழகியது. அதற்கு அக்கா, பாத்ரூமுக்குள் நின்று தனியக் கதைப்பார், மனுசனுக்கு விசர் பிடிச்சிட்டுதோ எண்டு எனக்குப் பயம், என்றார். மூன்றாவது, தன் மொழி பேச ஆளில்லாத கொழும்பில் அறிஞர் ஞாயிறுதோறும் துறைமுகத்துக்குப் போய், டேனிஷ் மாலுமிகள் தங்களுக்குள் பேசுவதைத் தள்ளி நின்று கேட்டுவிட்டுத் திரும்புவார் என்பது. லண்டனில் டேனிஷ்காரர் ஞாயிற்றுக்கிழமை கூடும் தேவாலயம் ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. அக்கா விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமையிலை மீன் வாங்கப் போறன் எண்டு வெளிக்கிட்டால் வர ரெண்டு மணியாகும். ஒருநாளும் நல்ல மீன் கொண்டுவந்ததில்லை. நான் ஏசுறனான். பேசாமல் நிப்பார்."

நான்காவதை வாசிக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. கொப்பியை அக்காவின் பக்கம் திருப்பி, பென்சில் கோட்டுக்குக் கீழே இருந்த வரிகளைக் காட்டினேன். அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சிறுபிள்ளைபோல விரல் வைத்து, சத்தமாக வாசித்தார்.

"புறப்படவேண்டும் என்று வீட்டார் சொன்னார்கள். அவர் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. அங்கே அவருக்கு மொழி இருந்தது, புத்தகங்கள் இருந்தன, பெயர் சொல்லி அழைக்க ஆட்கள் இருந்தார்கள். புறப்பட்டது பிழை என்று முதல் ஐந்து வருடம் நினைத்தார். பிறகு, சரிதான் என்று கண்டுகொண்டார். அதைச் சொல்லவேண்டும் என்று பல முறை வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பேச்சு வீட்டில் பழசாகிவிட்டிருந்தது."

"அந்த ஆள் கலியாணமே கட்டேல்லை எண்டு சொன்னனீ," என்றார் அக்கா.

"ஓம் அக்கா."

"அப்ப ஆர் இந்த வீட்டார்?"

பதிலுக்குக் காத்திராமல் அக்கா அதே வரிகளை இரண்டாம் முறை சத்தமில்லாமல் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர்க் கேத்திலின் சுவிட்சைத் தட்டினார். தண்ணீர் கொதித்துக் கேத்தில் அணைந்தது. மறுபடியும் தட்டினார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதக்கூடாது.

தேநீரோடு திரும்பி வந்ததும் என் யோசனையைச் சொன்னேன். ரயிலில் அதை நன்றாக ஒழுங்கு பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். டேனிஷ்காரரை விட்டுவிடலாம். இந்தப் பதினொன்றையும் வெளியே எடுத்து, ஊரையும் வருடத்தையும் திருத்தி, அத்தானின் பெயரில், அவருடைய வாழ்க்கை வரலாறாகப் போடலாம். அவரே எழுதிய வரலாறு; ஒரு பிழையும் இராது. அக்கா விரும்பியதும் அதுதானே. பன்னிரண்டு பக்கம்கூட வேண்டாம், மூன்று போதும்.

அக்கா தலையாட்டினார். இல்லை என்று ஆட்டினார்.

"எனக்கு நேரை சொல்ல ஏலாமல் அந்த மனுசனுக்குள்ளை கொண்டுபோய் வைச்சிருக்கிறார். அதை நான் கிளறி எடுத்து முந்நூறு பேருக்குக் குடுக்கிறதோ? அது அங்கையே இருக்கட்டும். கொப்பியிலை உள்ளபடி போடு, முழுக்க."

"பிழையில்லாமல் போடச் சொன்னது நீங்கள்."

"அப்ப எனக்குத் தெரியாதடி."

"ஆரும் வாசிச்சுப்போட்டுக் கேட்டால்?"

"கேக்கிறவை டென்மார்க்கிலை இருந்து வரட்டும். தேத்தண்ணி குடுத்துப் பதில் சொல்லுறன்."

பக்கக் கணக்கு இடித்தது. ஒன்றையும் வெட்டாமல் போட்டால் பன்னிரண்டில் அடங்காது, பதினாறு வேண்டும். அச்சகத் தம்பியோ மொத்தம் நாற்பதுக்கு மேல் ஒரு பக்கமும் கூடாது என்று சொல்லியிருந்தார். எதை எடுப்பது என்று கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை. அனுதாபச் செய்திகள் நான்கு பக்கம் இருந்தன: ஊர்ச்சங்கத் தலைவருடையது, கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் வெண்பா, இன்னும் இரண்டு. அவற்றை எடு என்றார். கோபிப்பார்கள் என்றேன். "கோவிக்கட்டும். அவை ஆரும் அவரைப் பற்றி இவ்வளவு எழுதேல்லை." பிறகு கிண்ணங்களுக்குத் திரும்பினார். நானும் உட்கார்ந்து பைகளைத் திறந்து கொடுத்தேன். ஆர்ச்வே விளக்கைப் பற்றி அப்போது சொன்னேன். விசர் என்றார் அக்கா. கொஞ்சம் கழித்து, அது எத்தனையாம் தேதி என்று கேட்டார். அந்தியேட்டிக்கு மறுநாள் என்றேன். "நீயும் வா. எனக்கு அந்தப் பேர் வாயிலை வராது."

ஏழு பத்துக்கு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கொப்பியைத் திறந்தேன். பென்சில் கோடுகள் பதினொன்றும் அப்படியே இருந்தன. பிழை என்று தெரிந்த ஒன்றை என் கையால் சரியென்று விட்டது அதுவரை இல்லை. வேலையில் இல்லை, நாட்குறிப்பில் இல்லை. சென்னையில் அந்த அறிஞருக்குக் கடிதம் வரவில்லை; அவருடைய அங்கியில் மீன் மணக்கவில்லை; அவரைப் புறப்படச் சொல்ல அவருக்கு வீட்டாரே இல்லை. அவர் தன் துயரங்களோடு தனியே இருந்து, சந்தேகத்தோடு தனியே போனவர். அந்தச் சந்தேக வருடங்களைப் பற்றி அத்தான் எழுதிய பக்கங்களில் ஒரு பிழையும் இல்லை, ஒரு சொந்தச் சேர்க்கையும் இல்லை. அவ்வளவு பக்குவமாக, நோயாளியின் கட்டிலருகே நடப்பவர் போல எழுதியிருந்தார். மற்ற இடங்களில் தன்னிடம் இருந்ததைக் கொடுத்திருக்கிறார். ஒரு மேலங்கி, கொஞ்சம் கொத்தமல்லி, ஒரு குடும்பம். வாங்கியவர் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து அக்காவிடம் சேர்ப்பித்திருக்கிறார். அன்று அதற்குமேல் ஒன்றும் செய்ய மனம் வரவில்லை. கொப்பியை மூடிவைத்துவிட்டுப் படுத்தேன்.

நவம்பர் 3, வெள்ளிக்கிழமை. ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். காற்று ஓய்ந்திருந்தது. தேநீர் போடவில்லை, முந்திய நாளின் குறிப்பையும் எழுதவில்லை. மேசைக்குப் போய் அழிறப்பரை எடுத்து, நாலாம் பக்கத்தில் இருந்த முதல் கோட்டை, தாள் கசங்காமல் இடக்கையால் பிடித்துக்கொண்டு, அழிக்கத் தொடங்கினேன்.